துரவும் கிணறும்: திருமறையில் சொல் தேடும் முறை

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னை நகருக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றும் வறண்டன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலுள்ள வானகரத்தில் அந்நாள்களில் தண்ணீர் லாரியைப் பற்றியன்றி வேறு பேச்சில்லை. ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார்கள் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இறைத்தன. தெருவோரத்தில் குடங்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றன. அந்த ஞாயிறுகளில் ஒன்றில், திருமறையில் வரும் கிணறுகளைப் பொருளாகக் கொண்டு பிரசங்கிக்கலாம் என்று எண்ணி, கைப்பேசியிலுள்ள வேதாகமச் செயலியைத் திறந்து, தேடும் பகுதியில் 'கிணறு' என்று எழுதினேன். சில வசனங்களே வந்தன. யாக்கோபுடைய கிணறு அவற்றுள் ஒன்று. திருமறையில் கிணறுகள் மிகச் சிலவே என்றும், அச்சிலவும் நம்மைச் சீகார் ஊரின் கிணற்றண்டைக்கே அழைத்துச் செல்கின்றன என்றும் பிரசங்கத்தை அமைத்துக்கொண்டேன். அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவே எச்சரிக்கையாய் இருந்திருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து தங்கியிருந்த முதிய தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஈசாக்கு வெட்டுன துரவையெல்லாம் பெலிஸ்தரு மாதிரி நீங்களும் தூர்த்துப் போட்டீங்களே!" என்று சிரித்துக்கொண்டே கூறினார்.

வீடு திரும்பி ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஆபிரகாமின் நாள்களில் வெட்டப்பட்டுப் பெலிஸ்தரால் தூர்க்கப்பட்டவற்றை ஈசாக்கு மறுபடியும் தோண்டிய அந்த வரலாறு முழுவதிலும் பழைய மொழிபெயர்ப்பு வழங்குவது 'துரவு' என்னும் சொல்லே. ஆபிரகாமின் ஊழியக்காரன் ஒட்டகங்களை மடக்கியதும் துரவண்டையில் (ஆதி. 24:11). ஆகார் வனாந்தரத்தில் தேவனைக் கண்ட இடத்திலிருந்ததும் துரவு (16:14). பின்னொரு நாள் கண் திறக்கப்பட்டு அவள் கண்டதும் துரவு (21:19). இவற்றுள் ஒன்றையும் செயலி எனக்குக் காட்டவில்லை. ஆயினும் செயலி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு எழுத்துப் பிசகாமல் விடை தந்தது. கேள்விதான் தவறு.

நம்மில் பலர் இப்போது ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்டுவதில்லை. இறையியல் மாணவர்களுள் அதனைக் கையில் எடுத்தவர்களே அரியர். நொடிப்பொழுதில் முழுத் திருமறையையும் துழாவும் கருவி சட்டைப்பையில் இருக்கும்போது, அவ்வளவு பெரிய புத்தகம் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. ஆனால் அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர் நமக்காகச் செய்துவைத்த ஒரு வேலையை இந்தக் கருவி செய்வதில்லை என்பதனையும், அவ்வேலை இப்போது தேடுகிறவர் தலையில் விழுந்திருக்கிறது என்பதனையும் உணர்ந்தால், கருவியை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

அது என்ன வேலை? 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தொமினிக்கத் துறவிகள், செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில் லத்தீன் திருமறைக்குச் சொல்லடைவு ஒன்று தொகுத்தனர். 1737இல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கிலத் திருமறைக்குத் தொகுத்தார். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் ஒவ்வோர் எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து வெளியிட்டார். சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று குறிப்பது மட்டுமன்று, பல வடிவங்களில் வரும் ஒரே சொல்லை ஒரு தலைப்பின்கீழ்க் கொண்டுவருவதும் இத்தகைய தொகுப்பாளரின் உழைப்பாகும். இதற்கு நல்ல சான்று, இத்தாலிய இயேசு சபைக் குருவான ரொபெர்த்தோ பூசா என்பவரின் பணி. அவர் 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியோடு தாமஸ் அக்குவினாவின் நூல்களுக்குச் சொல்லடைவு தொகுக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்கள். அடுக்குவதை இயந்திரம் விரைவாய்ச் செய்தது. எந்த வடிவம் எந்தச் சொல்லுக்குரியது என்று தீர்மானிப்பதோ மனிதர் கையிலேயே இருந்தது. வேலை முடிந்து நூல்கள் வெளிவரச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின. லத்தீனுக்கே இவ்வாறென்றால், வேற்றுமை உருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்கும் தமிழைக் குறித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

சாதாரணத் தேடற்கருவி சொல்லைத் தேடுவதில்லை. எழுத்துத் தொடரைத் தேடுகிறது. 'கிணறு' என்று கேட்டால் கி, ண, று என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களையே அது பார்க்கும். கிணற்றில், கிணற்றை, கிணற்றருகே, கிணற்றண்டை ஆகிய யாவும் அதன் கண்ணில் வேறு பொருள்கள். நாம் பேசும்போதும் எழுதும்போதும் கிணறு என்னும் எழுவாய் வடிவத்தை எத்தனை முறை வழங்குகிறோம்? மொண்டதும் தோண்டியதும் விழுந்ததும் எல்லாம் கிணற்றிலேதான்.

இங்கே கணினி தமிழ் எழுத்தைப் பதிந்துவைக்கும் முறையை அறிந்திருப்பது மிகவும் உதவும். நம் இலக்கண நூலார் புள்ளியுடைய மெய்யை முதலாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறுவதாக வகுத்தனர். யூனிகோடு என்னும் குறியேற்ற முறையை வகுத்தோர் இதனைத் தலைகீழாக்கினர். அகரமேறிய 'ற' என்பதே அவர்களுக்கு அடிப்படை எழுத்து. 'று' என்பது ற-வும் உகரக் குறியும். 'ற்' என்பது ற-வும் புள்ளியும். இலக்கணத்திற்கு இது முரண். தேடுகிறவனுக்கோ பெரிய வசதி. ஏனெனில் 'கிணறு', 'கிணற்று' ஆகிய இரண்டுக்கும் பொதுவாகிய தொடக்கம் 'கிணற' என்பதாகும். ஆகவே உகரத்தை நீக்கி 'கிணற' என்று மட்டும் எழுதித் தேடினால், கிணறும் வரும், கிணற்றிலும் வரும், கிணறுகளும் வரும். அவ்வாறே 'கர்த்தர்' என்று புள்ளியிட்டுத் தேடுவோர்க்குக் கர்த்தரை, கர்த்தருடைய, கர்த்தரால் என்பவை அகப்படா. கடைசிப் புள்ளியை விட்டு 'கர்த்தர' என்று எழுதுவோர்க்கு அனைத்தும் அகப்படும். 'வீடு' என்பதைக் காட்டிலும் 'வீட' நல்லது. வீட்டாரும் வீட்டிலும் அதனுள் அடங்குவர். எழுதும்போது பிழையாய்த் தோன்றும் இவ்வரைகுறைச் சொற்களே தேடுதற்குத் தகுந்தவை. சொல்லின் வாலை வெட்டுங்கள். ஆனால் எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மரம் என்னும் சொல்லை 'மர' என்று வெட்டினால் மரணம் முழுவதும் வந்து குவியும். ஏதேன் தோட்டத்து மரத்தைத் தேடுகிறவருக்கு அது பொருத்தமான விபத்து என்று ஒருவர் வேடிக்கையாய்ச் சொல்லக்கூடும். ஆயினும் வேலைக்கு உதவாது. மகரத்தில் முடியும் பெயர்கள் அத்துச் சாரியை பெறுவதால், 'மரம' என ஒரு முறையும், 'மரத்த' என ஒரு முறையும், பன்மைக்காக 'மரங்க' என ஒரு முறையும் ஆக மூன்று தேடல்கள் வேண்டும். 'ஆறு' என்னும் நீரோட்டத்தைத் தேடி 'ஆற' என்று எழுதினால் ஆறுதலும் ஆறாம் நாளும் வரும். வினைச்சொற்களில் அடியே மாறிவிடுகிறது. கேள் என்பது கேட்டார் ஆகிறது. நில் என்பது நின்றான் ஆகிறது. வா என்பதிலிருந்து வந்தான், வருகிறார், வாருங்கள் என மூன்று முகங்கள் தோன்றுகின்றன. இவற்றை ஒரே தேடலில் பிடிக்க எண்ணுவது வீண். ஒரு தாளில் வடிவங்களை முன்னதாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாய்த் தேடி அடித்துவிடுவதே வழி. பள்ளியில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தது எதற்கு என்று கேட்ட மாணவர்க்கு இங்கே பதில் இருக்கிறது.

சொல்லின் முன்பகுதியிலும் இடறல் உண்டு. உயிரில் தொடங்கும் சொல் முன்சொல்லோடு புணரும்போது அதன் முதலெழுத்து மறைந்துபோகும். அன்பு என்பதை 'அன்ப' என்று தேடினால் அன்பினால், அன்புகூர்ந்தார், அன்பாயிருக்கிறார் என்பவை வரும், பேரன்பு வராது. அங்கே அகரம் ரகரத்தினுள் ஒடுங்கிவிட்டது. சரி, அகரத்தையும் விட்டு 'ன்ப' என்று தேடலாமே என்றால், முன்பும் பின்பும் என்பதும் படையெடுத்து வரும். வரலாற்று ஆகமங்களில் 'பின்பு' எத்தனை என்று பார்த்தவர் மறுமுறை அதனைச் செய்யமாட்டார். இத்தகைய இடங்களில் 'பேரன்ப' என்று தனியே கேட்பதே நல்லது. இதற்கு மாறாக, இரட்சிப்பு போன்ற சொற்களில் முதலிலுள்ள இகரத்தை நாமே விட்டுவிட்டு 'ரட்சிப்ப' என்று தேடுதல் நலம்; இகரத்தோடு எழுதியோரும் இகரமின்றி எழுதியோரும் இரண்டிலும் அகப்படுவர்.

செயலியில் முழுச்சொல்லாகத் தேடுவதா, சொல்லின் பகுதியாகத் தேடுவதா என்று கேட்கும் அமைப்பு இருந்தால் இரண்டாவதையே தெரிந்துகொள்ளுங்கள். அவ்வமைப்பு இல்லாத செயலியானால், நீங்கள் நன்கறிந்த ஒரு வசனத்தை வைத்து முதலில் அதனைச் சோதித்துப் பாருங்கள். கிணறு என்னும் சொல் யோவான் 4:6இல் இருப்பது உங்களுக்குத் தெரியும்; 'கிணற' என்று கேட்டு, அவ்வசனம் வரவில்லையானால், அக்கருவி முழுச்சொல்லை மட்டுமே பார்க்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இரு சொற்களைச் சேர்த்துத் தேடும்போது இடைவெளி இடையூறு செய்யும். பரிசுத்த ஆவி என்பதை ஒரு பதிப்பில் பிரித்தும் மற்றொன்றில் சேர்த்தும் அச்சிட்டிருக்கலாம். இவ்வாறான இடத்தில் இரண்டில் அரிய சொல் எதுவோ அதனை மட்டும் கொடுத்து, ஒரே ஆகமத்திற்குள் தேடலைச் சுருக்கிக்கொள்வது எளிது.

இதுவரை கூறியவை எழுத்தைப் பற்றியவை. இவற்றையெல்லாம் நான் அறிந்திருந்தாலும் ஈசாக்கின் துரவு எனக்குக் கிடைத்திராது. கிணற்றை எத்தனை விதமாய் வெட்டினாலும் துரவு ஆகாது. இங்கே நாம் அறிய வேண்டியது மொழிபெயர்த்தோரின் சொற்களஞ்சியம். 'தோட்டந்துரவு' என்று நாம் இன்றும் பேசுகிறோம். ஆயினும் அவ்விரட்டையில் இரண்டாவது சொல் பெருங்கிணற்றைக் குறிப்பது என்று நகரத்தில் வளர்ந்த மாணவருக்குத் தோன்றுவதில்லை. அந்தத் தாயாருக்கு அது திருமறைச் சொல்லாகவும் வயற்காட்டுச் சொல்லாகவும் ஒருங்கே இருந்தது.

தமிழ்த் திருமறைக்கு ஒரு குரல் மட்டும் உரியதன்று. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. அதன்பின் பப்ரீசியுஸ், ரேனியுஸ் முதலியோரின் உழைப்பு வந்தது. பவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பு 1871இல் முழு வேதாகமமாய் வெளிவந்து இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படுகிறது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வந்தது. ஒரே பொருளுக்கு இவற்றில் வழங்கும் சொற்கள் வேறு. சீகன்பால்கு சர்வேசுரன் என்றார்; பப்ரீசியுஸ் பராபரன் என்றார்; 1871இன் வழக்கு தேவன்; 1995இன் வழக்கு கடவுள். கர்த்தர் அங்கே ஆண்டவர் ஆகிறார், இரட்சிப்பு மீட்பாகிறது, கிருபை அருளாகிறது, ஞானஸ்நானம் திருமுழுக்காகிறது, அப்போஸ்தலர் திருத்தூதர் ஆகின்றனர். பழைய மொழிபெயர்ப்பில் 'திருமுழுக்கு' என்று தேடி ஒன்றும் வரவில்லையென்று வியக்கும் மாணவர், திருமறை அதனைப் பற்றி மௌனமாயிருக்கிறது என்று எண்ணமாட்டார். ஆனால் கிணறு போன்ற சொல்லில் நாம் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். ஏனெனில் ஒன்றிரண்டு வசனங்கள் வந்துவிடுகின்றன. வெறுமையான விடையைக் காட்டிலும் அரைகுறையான விடையே நம்மை எளிதில் ஏமாற்றும்.

இப்பன்மை தடையாகத் தோன்றினாலும், உண்மையில் அதுவே நல்ல துணை. திருவிவிலியத்தில் ஈசாக்கு தோண்டியவை கிணறுகளே. எனவே இக்காலத் தமிழில் தோன்றும் சொல்லை முதலில் திருவிவிலியத்தில் தேடி, கிடைக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதே அதிகாரங்களைப் பழைய மொழிபெயர்ப்பில் திறந்து பாருங்கள். ஈசாக்கின் வரலாற்றில் 'துரவு' கண்ணில் பட்டவுடன், 'துரவ' என்று வெட்டி மறுபடியும் பழைய மொழிபெயர்ப்பில் தேடுங்கள். துரவை, துரவண்டை, துரவிலே யாவும் வரும். நான் அவ்வாறு செய்தபோது எதிர்பாராத ஓரிடம் வந்தது: எரேமியாவைக் கயிற்றினால் இறக்கிவிட்ட மல்கியாவின் துரவு (எரே. 38:6). அதில் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது. கிணற்றைப் பற்றிய பிரசங்கத்தில் இதனைச் சேர்ப்பதா? அதைத் தீர்மானிக்க மூலமொழிக்குப் போக வேண்டியதாயிற்று.

எபிரெயத்தில் ஊறும் கிணற்றுக்குப் 'பெயேர்' என்று பெயர். பெயெர்செபா என்னும் ஊர்ப்பெயரில் நாம் அதனை அறிந்தோ அறியாமலோ சொல்லிவருகிறோம். மழைநீரைத் தேக்கிவைக்க வெட்டிய குழிக்கு வேறொரு சொல், 'போர்'. ஸ்ட்ராங் தந்த எண்களில் முன்னது 875, பின்னது 953. ஆகார், ஈசாக்கு வரலாறுகளில் உள்ளது பெயேர். எரேமியா இறக்கப்பட்டது போர். யோசேப்பைச் சகோதரர் போட்ட தண்ணீரில்லாத குழியும் (ஆதி. 37:24) போர், எரேமியா 2:13இல் வரும் வெடிப்புள்ள தொட்டிகளும் அதே சொல்லிலிருந்து வந்தவை. ஆக, தமிழில் துரவு என்னும் ஒரு சொல் இரண்டு எபிரெயச் சொற்களுக்கு நிற்கிறது, போர் என்னும் ஒரு சொல் துரவாகவும் குழியாகவும் தொட்டியாகவும் பிரிகிறது, பெயேர் என்பதோ ஈசாக்குக்குத் துரவாகவும், யாக்கோபு ராகேலைக் கண்ட வயல்வெளியில் (ஆதி. 29:2) கிணறாகவும் வருகிறது. தமிழில் மட்டும் தேடுகிறவர் இவ்வலையினின்று வெளியேற இயலாது. ஸ்ட்ராங் எண்ணைக் காட்டும் செயலிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பையே அடியாகக் கொண்டவையெனினும், எண்ணைக் கொண்டு இடங்களைத் திரட்டித் தமிழில் படித்தல் நமக்குக் கூடும். எபிரெயம் கற்ற ஆண்டை மறந்துவிட்ட போதகருக்கும் எண்ணைத் தேடுவது கடினமன்று.

இதன் பயன் புதிய ஏற்பாட்டில் இன்னும் தெளிவாய்த் தெரியும். யோவான் 4ஆம் அதிகாரத்தில் பழைய மொழிபெயர்ப்பு 6ஆம் வசனத்திலும் 11ஆம் வசனத்திலும் கிணறு என்றே கூறுகிறது. கிரேக்கத்திலோ 6ஆம் வசனத்தில் இருப்பது 'பேகே' (எண் 4077), அதாவது ஊற்று. 11ஆம், 12ஆம் வசனங்களில் சமாரியப் பெண்ணின் வாயிலிருந்து வருவது 'ப்ரெயார்' (எண் 5421), அதாவது தோண்டிய கிணறு. 14ஆம் வசனத்தில் இயேசு வாக்களிக்கும் நீரூற்று மறுபடியும் பேகே. பெண் கிணறு என்கிறாள்; சுவிசேஷகனும் ஆண்டவரும் ஊற்று என்கின்றனர். இந்த வேறுபாட்டிற்கு எவ்வளவு பொருள் கொடுக்கலாம் என்பதில் விளக்கவுரையாளர் வேறுபடக்கூடும். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது என்பதே தமிழில் 'கிணற' என்று தேடியவருக்குத் தெரியவராது. அதே ப்ரெயார் வெளிப்படுத்தின விசேஷம் 9:1இல் பாதாளக்குழியாய் நிற்பதும் தெரியவராது.

சில இடங்களில் தமிழே நமக்குக் கிரேக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. யோவான் 21:15-17இல் உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் கேட்கும்போது வரும் இரு கிரேக்க வினைகளையும் பழைய மொழிபெயர்ப்பாளர் அன்பாயிருத்தல் என்றும் நேசித்தல் என்றும் பிரித்தே காத்திருக்கின்றனர். ஆகவே 'அன்ப' என்பதோடு 'நேசி' என்பதையும் தேடாதவர் பேதுருவின் மறுமொழியைத் தவறவிடுவார்.

கிருபை என்னும் சொல்லை நாம் எவ்வளவோ பிரசங்கிக்கிறோம். சங்கீதம் 136இல் வரும் கிருபை எபிரெயத்தில் 'ஹெசேத்', நோவாவுக்குக் கிடைத்த கிருபை (ஆதி. 6:8) 'ஹேன்'; பவுலின் நிருபங்களில் வருவது கிரேக்கக் 'காரிஸ்'. ஓசியா 6:6இல் அதே ஹெசேத் இரக்கமாகிறது. திருவிவிலியம் சங்கீதம் 136இல் பேரன்பு என்கிறது. 'கிருப' என்று தேடி, வந்த வசனங்களையெல்லாம் ஒரே கோவையில் கோத்து, இத்தனை முறை கிருபை வருகிறது என்று கூறுகிறவர் மூன்று தானியங்களை ஒரே மரக்காலில் அளக்கிறார்.

எண்ணிக்கையைப் பற்றி இங்கே சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். 'பயப்படாதே' என்னும் கட்டளை திருமறையில் 365 முறை, நாளொன்றுக்கு ஒன்றாக, வருகிறது என்று நம் பிரசங்கபீடங்களில் கேட்டிருக்கிறோம். நம்மில் சிலர் சொல்லியும் இருக்கிறோம். பயப்படாதே, பயப்படாதிருங்கள், அஞ்சாதே என நேரான கட்டளை வடிவங்களை எண்ணினால் அத்தொகை கிடைக்காது. சரி, தாராளமாய் வாலை வெட்டி 'பயப்படாத' என்று தேடிக் கூட்டலாம் என்று புறப்பட்டால், லூக்கா 18:2இல் தேவனுக்குப் பயப்படாதவனாகிய அநீதியுள்ள நியாயாதிபதியும் ஆறுதல் வாக்குகளின் வரிசையில் வந்து அமர்ந்துகொள்வான். தேடற்கருவி தரும் எண்ணிக்கை, அந்த மொழிபெயர்ப்பில், அந்த எழுத்துத் தொடர், அந்த அமைப்பின்கீழ் எத்தனை இடத்தில் உள்ளது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதனைத் திருமறையின் எண்ணிக்கையாக அறிவிக்க நமக்கு உரிமையில்லை. 'திருமறையில் இச்சொல் இல்லை' என்று கூறுவதற்கோ இன்னும் குறைந்த உரிமையே உண்டு.

அண்மை ஆண்டுகளில், கேள்வியை வாக்கியமாகவே எழுதினால் பொருளறிந்து விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. கிணறு என்று கேட்டால் துரவையும் அவை தரக்கூடும். இது பழைய கருவிகளால் இயலாத உதவி. ஆனால் இல்லாத வசனத்தை இருப்பதுபோல் தருவதும், அதிகார எண்ணை மாற்றிச் சொல்வதும் அவற்றிடம் காணப்படும் குறை. அவை சொல்லும் இடங்களைத் துப்பாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் திருமறையைத் திறந்து பார்த்தபின்னரே தாளில் எழுத வேண்டும்.

திருமறைக்கு வெளியே, சபை வரலாற்றிலும் பழைய இதழ்களிலும் தேடும் மாணவருக்குச் சில வார்த்தைகள். 1990களில் நம் அலுவலகங்களில் தட்டச்சு செய்த கோப்புகள் யாவும் அக்காலத்து எழுத்துருக்களில் உள்ளன. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும் அவை உள்ளே ரோம எழுத்துகளாகவே பதிந்திருப்பதால், எதனைத் தேடினாலும் கிடைக்காது. ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பொருளற்ற ரோம எழுத்துகள் வந்தால் அது அத்தகைய கோப்பு. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு: மௌனம் என்னும் சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து எழுதிவிடுவோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. தேடலில் இரண்டும் சந்திப்பதில்லை.

அச்சு நூலை ஒளிப்படமாக்கி, எழுத்துணரி மென்பொருளால் தேடத்தக்கதாக்கிய நூல்களில் பிழைகள் மிகுதி. ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, னை, ணை, றா, னா, ணா ஆகியவற்றின் பழைய வடிவங்களை அம்மென்பொருள் தவறாய்ப் படிக்கக்கூடும். இவ்வெழுத்துகள் வராத பகுதியைத் தெரிந்தெடுத்துத் தேடினால் பலன் கூடும். பண்ணை என்று தேடுவதைவிட, அருகில் வரக்கூடிய ஊர்ப்பெயர் ஒன்றைத் தேடுவது மேல். பெயர்களின் பழைய வடிவங்களையும் கைவசம் வைத்திருங்கள். கத்தோலிக்கரின் பழைய நூல்களில் பேதுருவைத் தேடுகிறவர் இராயப்பர் என்றும், பவுலைத் தேடுகிறவர் சின்னப்பர் என்றும், யோவானைத் தேடுகிறவர் அருளப்பர் என்றும் எழுத வேண்டும். தரங்கம்பாடி மிஷன் காலத்து அச்சுகளில் புள்ளியும் நெடிற்குறியும் இக்காலத்து முறைப்படி இடப்படவில்லை. அங்கே எந்த எழுத்துணரியையும் நம்பாமல், பக்கத்தைக் கண்ணால் படிப்பதுதான் இன்னும் விரைவான வழி.